அடிபம்பின் கைப்பிடியைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
புருல்கான் சத்திபால்டி மகள்,
கீழ்த்தெரு, தாஷ்-கெச்சூ சிற்றூர்,
அக்-ஜார் மாவட்டம், கிர்கிஸ்தான்.

பெறுநர்:
மாவட்டத் தலைமை அதிகாரி அவர்கள்,
அக்-ஜார்.

பொருள்: ஊர் அடிபம்பின் கைப்பிடியை ஊர்த்தலைவர் கழற்றிக்கொண்டு போனதும், பாதிரியார் வீம்பு பிடிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர்தான். மேலே ஆடுமாடு இறங்கும், கீழே நாங்கள் மொள்வோம். சென்ற வசந்தத்தில் பாதிரியார் சோங் என்ற கொரியாக்காரர் தம் சபைச் செலவில் ஓர் அடிபம்பு போட்டுக்கொடுத்தார். தண்ணீர் கண்ணாடியாக வந்தது. அதற்கு அவருக்கு நன்றி. நன்றி அதோடு முடிகிறது.

2. திறப்பு நாளில் ஆடு அறுத்தோம். ஆசி சொல்ல வேண்டியவர் ஊர்த்தலைவர் ஒர்மோன்பெக். அவர் உள்ளங்கைகளை விரித்தார், நாங்களும் விரித்தோம். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு தம் இயேசுவிடம் பேசத் தொடங்கிவிட்டார். ஆசி முடியாமல் கையை மடக்குவது எங்களில் அபசகுனம். ஆகவே ஊரே கையேந்தி நின்றது. அவர் முடித்ததும், பழகிய கையல்லவா, எல்லாரும் "ஓமீன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டோம். அந்த ஆசியை ஏற்றுக்கொண்டோம் என்று அதற்குப் பொருள். "ஊரே ஆண்டவர்கிட்ட வந்துடுச்சு!" என்று பாதிரியார் அழுதேவிட்டார்.

3. மறுநாள் தலைவர் கைப்பிடியைக் கழற்றி வீட்டில் வைத்துப் பூட்டினார். "அந்தத் தண்ணியக் குடிச்சா ஞானஸ்நானம் வாங்குன மாதிரிதான். என் ஊர்ல ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார். பாதிரியாரிடம் மாற்றுக் கைப்பிடி இருக்கிறது. அவர் காரில் என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "அவர் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கட்டும் அக்கா, அப்புறம் மாட்டறேன்" என்றார். நாங்கள் பழையபடி வாய்க்காலுக்குப் போனோம்.

4. என் மகள் சைகல் ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டில் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன். வயலில் தாகமெடுத்து வாய்க்காலில் கையால் மொண்டு குடித்திருக்கிறாள். இப்போது கண்ணெல்லாம் மஞ்சள்; தங்கள் ஊர் மருத்துவமனையில் கிடக்கிறாள். "அந்தத் தண்ணிய யாரும்மா குடிக்கச் சொன்னது?" என்று மருத்துவர் திட்டினார். இரண்டு பெயர் சொன்னேன். வயிற்றுப் பிள்ளை பிழைக்குமா என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

செய்தி கேட்டு, ஜெபிக்க வரட்டுமா என்று பாதிரியார் ஆளனுப்பினார். முல்லாவை அனுப்பி ஓதச் சொல்லட்டுமா என்று தலைவர் கேட்டார். இருவரிடமும் நான் கேட்டது ஓர் இரும்புக் கம்பி.

5. வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுகைக்குப் போனதும் தலைவர் வீட்டம்மா கைப்பிடியைச் சால்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தண்ணீர் அடித்துப் போகிறார். நான் வாளியோடு போய் நின்றேன். "வேணாம் புருல்கான், தெரிஞ்சா அவரு என்னைக் கொன்னே போட்டுடுவாரு" என்று கழற்றிக்கொண்டு ஓடினார். தலைவர் குடிக்கும் தேநீர் அந்தத் தண்ணீரில்தான்.

6. மதம் போய்விடும் என்று இன்னும் கத்துகிறார் தலைவர். ஐயா, அன்று பாதிரியாரின் ஆசிக்கு எல்லாருக்கும் முந்தி முதலில் முகத்தைத் துடைத்தவர் அவர்தான். எதிரே நின்ற நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும். அந்த வெட்கத்துக்கு என் மகள் படுத்திருக்கிறாள்.

ஆகவே, யாரிடமுள்ள கைப்பிடியையாவது வாங்கி, பம்பில் மாட்டி, இனி ஒருவரும் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்துத் தர உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திறப்பு விழா வேண்டாம். ஆசி சொல்லவும் யாரும் வர வேண்டாம்.

இடம்: தாஷ்-கெச்சூ
நாள்: ஆகஸ்ட் 19

இப்படிக்கு,
வாளியோடு காத்திருக்கும்
புருல்கான்
(கையொப்பம்)