பொலி சொல்ல ஆளில்லை

8, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. ஷூவுக்குள் தண்ணீர்.

தேயிலை விலை இந்த வாரமும் இறக்கம். ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு பேரை நிறுத்த வேண்டுமாம். லிஸ்ட் நான் எழுத வேண்டும். பழைய ஆள் என்று காட்டக் காகிதம் இருந்தால் தப்பலாம். "ஆபீஸ் ஆள எழுதினாலுஞ் செரி," என்று மேனேஜருக்குச் சிரிப்பு வேறு. ஆபீஸ் ஆள் என்றால் நான் ஒருவன்தான்.

கொழுந்து பறிக்கும் செல்லம்மாவின் ஃபைலில் ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? சிலோனிலிருந்து வந்தபோது சர்க்கார் கொடுத்த குடும்ப அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வாங்கியவன் நான். போன வருடம். திருப்பிக் கொடுத்தேனா?

9, செவ்வாய்

வாங்க: குடைக்கம்பி, மண்ணெண்ணெய், சுமதிக்கு இருமல் மருந்து.

செல்லம்மா பொலி சொல்லாமல் இந்தத் தோட்டத்தில் வேலை தொடங்காது. முதல் கைக் கொழுந்தைக் கூடையில் போட்டு, விளைச்சல் பெருக "பொலி, பொலி" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் செடியில் கை வைப்பார்கள். சிலோன் வழக்கம். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண்களுக்கும் இப்போது அதுதான் சட்டம். என்னைக் கணக்கப்பிள்ளை என்பதும் சிலோன்காரர்கள் கொண்டுவந்ததே. ரிஜிஸ்தரில் நான் வெறும் கிளார்க்.

மத்தியானம் ஆபீஸ் வாசலில் செல்லம்மா. மேனேஜரும் இருந்தார்.

"கணக்கப்புள்ள ஐயா, என் அட்டைய ஒங்க கையிலதானே குடுத்தேன்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "குடுத்த மாதிரி ஞாபகம் இல்லீங்களே," என்றேன். வாய் தவறி வந்தது என்று எழுத ஆசை. யோசித்துத்தான் சொன்னேன்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். "அப்ப நாந்தான் எங்கயோ வச்சிட்டேன் போல," என்று போய்விட்டார்.

11, வியாழன்

வீடு முழுக்கத் தேடல். பீரோ, பரண், டிரங்குப் பெட்டி. இல்லை.

பலகாரம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். சுமதிக்குச் செல்லம்மா சொல்லிக் கொடுத்தது. நான் கட்டி வந்த பொள்ளாச்சிக்காரி இட்லியையே மறந்துவிட்டாள். ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டேன். பின்பக்கம் கீரை பறிக்கும்போது முதல் பிடிக்கு சுமதியும் "பொலி" என்கிறாள். இத்தனை நாள் கவனித்ததில்லை.

12, வெள்ளி

லிஸ்ட் போய்விட்டது. ஏழாவது பெயர் செல்லம்மா. கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது.

14, ஞாயிறு

கிடைத்துவிட்டது. சுவர்க் காலண்டருக்குப் பின்னால். பத்திரமாக இருக்கட்டும் என்று நானே செருகியிருக்கிறேன், பாவி. போட்டோவில் செல்லம்மாவுக்கு இருபது வயது இருக்கும். மடியில் குழந்தை, கண்ணில் பயம்.

"ஏனுங்க, இது அக்காவோடதல்ல? ஒடனே குடுத்துட்டு வாங்க," என்றாள் சுமதி. லிஸ்ட் விஷயம் அவளிடம் சொல்லவில்லை.

15, திங்கள்

தூறல். கூடையைக் கட்டிக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்தியும் கை வைக்கவில்லை. சூப்பர்வைசர் கத்தினார். "அக்கா இல்லாம பொலி யாருங்க சொல்றது?" என்று ஒரு குரல். அரை மணி நேரம் அப்படியே. பிறகு சத்தமில்லாமல் பறிக்கத் தொடங்கினார்கள்.

அட்டையை எடுத்துப்போய் மேனேஜரிடம் நீட்டினேன். பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அட்டையைத் திருப்பித் தந்தார்.

"பதினொண்ணு பதினொண்ணாத்தான் இருக்கோணும். இந்தம்மாவ எடுத்தா வேற ஒரு பேரு எழுதிக் குடு. அஞ்சு மணிக்குள்ள."

3.00. ரிஜிஸ்தரை இரண்டு முறை புரட்டியாயிற்று. மீதி எல்லோர் ஃபைலிலும் காகிதம். எல்லோருக்கும் பிந்தி வந்தவன் யார் என்று பார்த்தேன். நான்தான். மூன்று வருடம்.

4.30. தாள் வெள்ளையாகவே.

4.50. தோட்டத்துக் கூடையை ஒப்படைக்கச் செல்லம்மா வந்தார். கழுவிக் காயவைத்திருந்தார். "நாளைக்கி அந்தப் புள்ளைங்கள்ல ஒண்ண பொலி சொல்லச் சொல்லுங்க ஐயா. மொதல்ல வெக்கப்படும், அப்பறம் பழகிரும்."

அட்டை என் மேசை டிராயரில். பேனா கையில். எழுத நான்கே எழுத்து, என் பெயர்.

5.00. தாள் இன்னும் வெள்ளை. கூடையை வாங்கி வைத்துக்கொண்டேன்.