வண்டி சூடாகும் பத்து நிமிஷம்

அன்புக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த மலைக் குளிரிலும் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலம் என்று நீ எழுதியதைப் படித்து நிம்மதி, ஆனால் குழந்தைக்குச் சளி விட்டதா இல்லையா என்று எழுதவே இல்லை, அதைத்தானே முதலில் எழுத வேண்டும்? என் இடது கையில் ஒரு கட்டு இருக்கிறது. பயப்படாதே, ஆறிக்கொண்டு வருகிறது. எப்படி வந்தது என்று இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வண்டி காலையில் கிளம்ப மறுக்கிறது, அப்பா நம் வண்டியை எப்படிச் சூடேற்றுகிறார் என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ஓட்டத் தெரியாத மனுஷனிடம் வண்டியைப் பற்றி யோசனை கேட்ட முதல் ஆள் நீதான். ஆமாம், இன்றுவரை அவருக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ணத் தெரியும், நிறுத்தத் தெரியும், நடுவில் உள்ளது எதுவும் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்த கை அது. ஆனால் காலை ஐந்து மணிக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையை நீ பார்க்க வேண்டும், விமானம் ஓட்டுகிறவன் தோற்றான். எதிர்வீட்டு டீச்சர், "பெரியவர் தினமும் எங்கேயோ போறார், ஆனா வாசலைத் தாண்ட மாட்டேங்கறார்" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

இதெல்லாம் உன் அண்ணிக்காக. அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அது ஆறு மாதம் தற்காலிக வேலை, அந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை தாமதமாக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் நிரந்தரம். காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும், சாப்பிடாமல் வந்து காத்திருக்கிற நோயாளிகளுக்கு முன்னால் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. குளிர் தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்தக் கிழட்டு வண்டி இரண்டு நாள் காலை வாரிவிட்டது, இரண்டு தாமதம் விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் அண்ணன் வேலை செய்யும் ஊருக்கே போய்விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள், அங்கே ஒரு கூடத்தில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். போனால் போகட்டும் என்று நான்தான் அன்றைக்குச் சொன்னேன். உனக்கும் அப்படித்தானே எழுதினேன்.

அப்பாவா விடுவார்? மறுநாள் மெக்கானிக்கிடம் போய் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மதியம் வரை வரவில்லை. வந்தவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அதிலிருந்துதான் உனக்கு எழுதுகிறேன், கவனமாகப் படி. நம்முடையது மாதிரி பழைய வண்டி என்றால் சோக் என்கிற குமிழை முழுசாக இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்கக் கூடாது, கிளம்பவில்லை என்றால் மூச்சு விட நேரம் கொடுத்து மறுபடி திருப்ப வேண்டும். ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டால் பெட்ரோல் நிரம்பி வண்டி சுத்தமாகப் படுத்துவிடும். கிளம்பிய பிறகு சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால் பத்து நிமிஷத்தில் சத்தம் சீராகிவிடும். உன்னுடையது புது மாதிரி வண்டி என்பதால் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை, அரை நிமிஷம் ஓடவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் போகிற வழியில் அதுவே சூடாகிவிடும், கிளம்பவே இல்லை என்றால் பாட்டரியைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். எந்த வண்டியானாலும் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிடாதே, அந்தப் புகை ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடுமாம், அப்பா இதை நோட்டில் மூன்று கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

பாட்டரி கதையைக் கேள். குளிரில் பாட்டரிக்குப் பலம் குறைந்துவிடுமாம், அதனால் தினமும் சாயங்காலம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார், நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்ற வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே. படுக்கை அறையில் என் பீரோவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அதன்மேல் வைப்பார். பக்கத்தில் போகாதே, தண்ணீர் கொட்டாதே என்று அதட்டல் வேறு. உன்னைப் பெற்றபோதுகூட இந்த மனுஷன் இப்படிக் காவல் இருந்ததில்லை. கண்ணாடியில் பனி உறையாமல் இருக்க என் பழைய போர்வையை மடித்து அதன்மேல் போட்டு, கண்ணாடி துடைக்கிற வைப்பரின் இடுக்கில் செருகிவிடுவார், காலையில் போர்வையை உரித்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டிக்குள் வெதுவெதுப்பாகிவிடும், ஏறி உட்கார்ந்ததும் ஹீட்டர் காற்றில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இரண்டு நிமிஷம் இருப்பாள். நான் அதைப் பார்த்து, மகாராணிக்குக் கைகூடக் குளிரக் கூடாது என்று முணுமுணுத்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது, அப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டதிலிருந்து அதுவரை ஒரு நாள்கூட அவள் தாமதமாகப் போகவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு ஜுரம் வந்தபோது வெந்நீர் வைக்கத் தெரியாமல் பாத்திரத்தைத் தீய்த்தவர், மருமகளுக்காக ஒரு காரையே சூடேற்றுகிறார். பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அப்பாவுக்கு ஜுரம் வந்தது. சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, அப்போதும் ஸ்பானரைத் தேடுகிறார். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன், ஒரு நாள் வெளியே கிடந்தால் பாட்டரி செத்தா போய்விடும் என்று. போர்வை போடவும் மறந்துபோனேன். காலையில் அண்ணிக்கு முன்னால் எழுந்து நானே எல்லாம் செய்து வைத்து அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெளியே போய்ப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பனி கெட்டியாக உறைந்து கிடக்கிறது. சுரண்டினால் வரவில்லை. பனிக்கு மருந்து வெந்நீர்தானே? கொதிக்கக் கொதிக்க ஒரு கெண்டி நிறையக் கொண்டுபோய் ஊற்றினேன். டப்பென்று ஒரு சத்தம், இடது ஓரத்திலிருந்து பாதிக் கண்ணாடி வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. அந்தச் சத்தத்துக்குப் பதறி நான் கெண்டியை உதற, மிச்சத் தண்ணீர் முழுக்க என் கையில். நான் போட்ட கூச்சலில் தெருவே எழுந்திருக்கும்.

அண்ணி ஓடி வந்தாள். மணி ஐந்தேகால். கண்ணாடியை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையடி. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து அதற்குக் கீழே வைத்துவிட்டாள். எனக்கோ வலி, அவமானம், அதற்கு மேல் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உன் ஓட்டை வண்டியால்தான் இவ்வளவும் என்று அவளையே திட்டினேன். இன்னும் ஏன் நிற்கிறாய், போய்த்தொலை, மணி ஆகிறது என்று கத்தினேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், "இருபது நிமிஷம் தண்ணில இருக்கணும் அத்தை, இல்லைனா கொப்புளம் வந்துடும்" என்றாள். என் மணிக்கட்டை விடவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் அவள் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு ஈரத்துணி சுற்றிக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் சாவியை எடுத்தாள்.

பாட்டரி முனகியதோடு சரி. நல்ல வேளை, நம் தெரு சரிவு. டீச்சரும், பேப்பர் போடுகிறவரும், ஒற்றைக் கையோடு நானும் பின்னால் தள்ளினோம். அப்பா ஜுரத்தோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, "இப்ப கிளட்சை விடும்மா, விடு, விடு" என்று கத்துகிறார், ஜென்மத்தில் கிளட்சை மிதிக்காத மனுஷன். அவர் சொன்ன நேரத்தில்தான் அவளும் விட்டாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமிக்கொண்டு கிளம்பியது. விரிசல் அவள் பக்கம் இல்லாததால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். கூடத்துக்குப் போனபோது ஆறு பதினாலு. மூன்றாவது தாமதம்.

மத்தியானம் வந்தாள், என் கட்டை மாற்றினாள், அப்பாவுக்குக் கஞ்சி வைத்தாள், வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. மறுநாள் விடியற்காலையிலும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினாள், கூடத்தில் இன்னும் முடிவு சொல்லவில்லை போலிருக்கிறது. அன்றைக்கே உன் அண்ணன் போனில் அப்பாவிடம், வீடு பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்று சொன்னானாம். போனால் போகட்டும் என்று சொன்ன அதே வாய்தான், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் பதினொரு மணி பஸ்ஸில் நானே அந்தக் கூடத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் ஒரு வயதானவர் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கை சூடா இருக்கற பொண்ணு வந்தாதான் நான் குத்திக்குவேன், மத்தவங்க தொட்டா நரம்பு உள்ளே போயிடுது" என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். உன் அண்ணியைத்தான் சொல்கிறார். ஹீட்டரில் அவள் கையை நீட்டுவது எதற்கு என்று எனக்கு அங்கேதான் புரிந்தது, மகாராணி என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது, அவள் அதனிடம் ஏதோ கேட்கிறாள், அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எடுத்து முடித்துவிட்டாள். பிள்ளைக்குத் தெரியவே இல்லை. என்ன கை அது! நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிற கை என்றுதான் அதை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் அம்மா ஒல்லியாக, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, பார்த்தாலே பயமாக இருப்பார். நான் கையைத் தூக்கிக் காட்டி, "தப்பு என்னோடது. நான்தான் கண்ணாடியை உடைச்சேன், அவளை நிறுத்தாதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் அண்ணியின் கையெழுத்து. வண்டி என்று எழுதவில்லை, கண்ணாடி என்று எழுதவில்லை, மாமியார் செய்த கோளாறு என்று எழுதவில்லை. "அம்மாவின் கை வெந்துவிட்டது, கட்டுப் போட்டுவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷமாக என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள், அப்படிக் கூப்பிட்டால் போதும் என்று முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள் நான்தான். அங்கேயே அழுதுவிட்டேன், பத்துப் பேர் பார்க்க. சூப்பர்வைசர் அம்மா தண்ணீர் கொடுத்து, "விதியை என்னால மாத்த முடியாது, ஆனா காரணத்தைப் பார்க்கலாம்னும் விதி இருக்கு. இன்னும் ஒரு மாசம் பார்க்கறேன், ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகக் கூடாது" என்றார்.

இப்போது அந்த மாதத்தில் பதினோரு நாள் ஆகிவிட்டது, தாமதம் இல்லை. புதுக் கண்ணாடி மாட்டியாயிற்று. அப்பாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது, பாட்டரியை அவர் கழற்றுகிறார், நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். போர்வை என் பொறுப்பு. கெண்டியை மட்டும் வாசல் பக்கம் கொண்டுபோக எனக்குத் தடை.

கண்ணு, அவளைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதங்களை நீ எடுத்து வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. என் பேச்சைக் கேட்டுத்தான் நீ அவளோடு பேசுவதை நிறுத்தினாய், இப்போதும் என் பேச்சைக் கேள், இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு போன் போடு. வேலை நிரந்தரமானாலும் ஆகாவிட்டாலும் அவள் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது, எனக்கு அவள் வேண்டும். இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அம்மா இப்படிச் சொன்னாள் என்று நீ பக்குவமாகச் சொல்லிவிடு. இல்லை, வேண்டாம், நீ சொல்லாதே. நாளைக் காலையில் அப்பாவை இறக்கிவிட்டு, வண்டி சூடாகும் அந்தப் பத்து நிமிஷம் நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. கண்ணாடியில் எவ்வளவு பனி இருந்தாலும் வெந்நீர் ஊற்றாதே, பொறுமையாகச் சுரண்டி எடு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா