ரேடியோவின் அப்பா கையெழுத்துப் போடவில்லை

ஜூன் 3, செவ்வாய்

ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலைக்கு வந்து இன்றோடு ஆறு வருஷம். டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "ஆறு வருஷமா உன் வாயைக் கேட்டுக்கிட்டே ஓட்டுறேன், எனக்குத்தான் மாலை போடணும்" என்கிறார்.

வியாழக்கிழமை ஐந்தாம் வகுப்பை எங்கள் சர்ச்சுக்குக் கூட்டிப் போகிறார்கள். அடுத்த வாரம் பள்ளிவாசல், பிறகு கோயில். யார் யார் எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். நல்லதுதான். நாலாவதோடு நின்ற என்னிடம் விளக்கம் கேட்காமல் இருந்தால் சரி.

ஜூன் 5, வியாழன்

முப்பத்தோரு பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒன்று மட்டும் பஸ்ஸில். தையல்காரர் மகள். நான் வைத்த பெயர் ரேடியோ — ஏறினால் இறங்கும்வரை நிற்காது. அவள் அப்பா அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு பிள்ளை பஸ்ஸில் இருந்தாலும் நான் கூட இருக்க வேண்டும். ஆக, என் சர்ச்சுக்கு நானே வெளியே.

"உள்ள என்ன இருக்கும் ஆயாம்மா?"

"பெஞ்சுதான். உன் கிளாஸ் பெஞ்சை விட நீளம். உன் வாய் அளவு வரும்."

சிரித்தாள். பிறகு ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டாள். மூக்கு சப்பையாகிடும் என்றேன். திரும்பவில்லை.

எப்போதும் அவளோடு ஒரே சீட்டில் உட்காரும் தோழி, திரும்பும்போது வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தோழியின் அப்பாதான் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர். "அடுத்த வாரம் எங்க பள்ளிவாசல். அதுக்கும் நீ வரமாட்டல்ல?" என்று ஒரே கேள்வி. ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 6, வெள்ளி

ரேடியோ இன்றும் பேசவில்லை. பஸ்ஸில் என்ஜின் சத்தம் எனக்கு இன்றுதான் கேட்டது.

ஜூன் 9, திங்கள்

தையல்காரரை ஸ்டாப்பில் பிடித்தேன். "என்னண்ணே, உலகத்துக்கே அளவெடுக்கிறீங்க, ஒரு கையெழுத்துக்கு நூல் தீந்துபோச்சா?"

தினமும் வம்பிழுப்பேன், அவரும் திருப்பிக் கொடுப்பார். இன்று சிரிக்கவில்லை. மற்ற மதம் என்றால் ஆகாத ஆள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். எனக்கு ஏன் இந்த வேலை?

பத்து வயதில் கூட்டாளியோடு அவன் கும்பிடும் இடத்துக்குப் போனாராம். எங்கே நிற்பது, எப்போது உட்காருவது, ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்து வாசலில் கொண்டுபோய் விட்டாராம்.

"எந்த சாமி மேலயும் எனக்குக் கோவம் இல்லம்மா. என் பொண்ணு அப்படி முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது."

நூல் தீர்ந்துபோச்சா என்று கேட்ட வாயில் நானே ஒரு தட்டு தட்டிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மதியம் பஸ் சும்மா நிற்கிற நேரத்தில் பள்ளிவாசலுக்குப் போனேன். தனியாக. தோழியின் அப்பா உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். செருப்பைக் கழற்றினேன். நல்ல பிள்ளையாகக் காலையும் கழுவினேன். துடைக்க மறந்துவிட்டேன். வாசலிலிருந்து நடுக் கம்பளம் வரை ஈரத் தடம் — யானை நடந்த மாதிரி. தொலைந்தோம் என்று அப்படியே நின்றேன்.

அவர் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஃபேன் போட்டா காஞ்சிடும். வாங்கம்மா."

சாயங்காலம் தையல்காரரிடம் அப்படியே நடித்துக் காட்டினேன், நடையோடு. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்ததில் ஹாரன் அடித்துவிட்டது. "சரி, பாக்கலாம்" என்றார் தையல்காரர். எதைப் பார்ப்பாராம்?

ஜூன் 11, புதன்

கையெழுத்து வந்துவிட்டது. தைப்பதுதான் நேராக வரும் போல, எழுத்து கோணல்மாணல்.

ஜூன் 12, வியாழன்

முப்பத்திரண்டும் உள்ளே. நானும், துடைத்த காலோடு. தோழி, ரேடியோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடாதே என்று தன் அப்பாவிடமே திட்டு வாங்கினாள்.

ஸ்டாப்பில் தையல்காரர், தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நிற்கிறார். சட்டையில் ஊசி குத்தியபடி.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"பதினாறு ஃபேன் இருக்குப்பா."

"அது இல்லம்மா. உன்னை யாராவது—"

"பதினாறும் ஓடுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

கோயில். ரேடியோ வீட்டார் கும்பிடும் இடம்; அவள்தான் எல்லாருக்கும் சுற்றிக் காட்டினாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. காது கொஞ்சம் ஓய்வெடுக்கிறது.

சாயங்காலம் தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவ உங்க சர்ச்சை மட்டும் பாக்கலையே. ஞாயித்துக்கிழமை வரலாமா? நானும்தான்."

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்கள். கடைசி பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அவர். கை வியர்த்துக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "என்னைப் பாத்துச் செய்ங்க, போதும்" என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

பிரசங்கத்தில் எனக்குக் கொஞ்சம் கண் அசந்துவிட்டது. திடுக்கிட்டு எழுந்து நின்றேன். எழுந்திருக்கும் நேரமே இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் கூடவே எழுந்தார்கள். சர்ச் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் மூன்று பேர் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி.

முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். உட்கார்ந்தோம்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. ஐயையோ, அந்த மனுஷனை மறுபடியும் நானே— என்று எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

அடுத்து எழ வேண்டிய நேரம் வந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முன் பெஞ்சைப் பார்த்துச் சரியாக எழுந்தார்.