நான் கேட்டது வேறு என்ஜின்

அன்பு மகன் ஐவிந்துக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் மனைவி இங்வில்ட், அவள் வயிற்றில் குடியிருக்கும் ஆள் என மூன்று பேரும் சுகம். அங்கே பனிக்கட்டிகளுக்கு நடுவில் நீயும் உன் பத்துக் கால்விரல்களும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் உலர்ந்த காலுறை போடு, சோம்பல் படாதே. விழா நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஃபோனில் இரண்டே வரிதான் சொன்னோம், அதற்குள் உன் கப்பல் லைன் கரகரத்துச் செத்துப்போனது. முழுக்கதையும் உனக்குத் தெரிய வேண்டும் என்பதால், சாமான் கப்பலில் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே பதினேழு, தேசிய விழாக் காலையில் கொடி ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், இங்வில்ட் விழா உடையைப் போட்டுக்கொண்டு கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். உடையின் கொக்கி வயிற்றில் எட்டவில்லை, ஊக்கு குத்தியிருந்தாள். அதற்குத்தான் முகம் வாட்டம் என்று நினைத்துக் கேலி செய்தேன், சிரிக்கவில்லை. கடைசியில், "மாமா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து உள்ள இருக்கிறது ரொம்ப அமைதியா இருக்கு, எப்பவும் போல இல்ல" என்றாள். பக்கத்து வீட்டு குன்வோர் கேக் கொண்டு வந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. "கடைசி மாசத்துல அப்படித்தான் பொண்ணே, உள்ள இடம் ஏது? காலை நீட்டக்கூட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு பெற்றவள் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது. எனக்கோ கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். படகில் வேலை பார்த்த காலம் முழுவதும் என்ஜினுக்கு வைத்துக் கேட்ட என் பிர்ச் மரக்கட்டையைக் கொண்டு வந்து, ஒரு முனையை அவள் வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்தேன். டுப், டுப், டுப், பிசிறில்லாமல் கேட்டது. "ஜம்முனு ஓடுது, கவலையை விடு" என்றேன். அவளும் பெருமூச்சு விட்டுக் கஞ்சியைக் குடித்தாள்.

உச்சிப்பொழுதில் ஊர்வலம். ஆஸ்பத்திரி இருக்கும் அக்கரைக்குப் படகு ஓட்டும் நம் ஒட்லைஃப், அதைக் கட்டிப் போட்டுவிட்டுப் பெரிய ஊதுகுழலோடு வாத்தியக் கோஷ்டியில் நின்றான், படகின் மற்ற ஆட்களும் மேளமும் தாளமுமாக அங்கேதான். விழா நாளில் ஊர்வலம் முடிகிறவரை படகு கிடையாது என்பது உனக்குப் புதிதல்ல. இங்வில்டும் நானும் பள்ளிக்கூட வாசலில் கொடியோடு நின்றோம். ஒத்திகை நாட்களில் நம் வீட்டுக்கு எதிர்க் கூடத்தில் ஒட்லைஃப் ஊதத் தொடங்கினாலே போதும், பிள்ளை உள்ளிருந்து உதைக்கும், அவள் தன் கோப்பையை வயிற்றில் வைத்து அது ஆடுவதைக் காட்டிச் சிரிப்பாள். அன்று அந்தக் குழல் கையெட்டும் தூரத்தில் முழங்கிக்கொண்டு போனது. அவள் வயிற்றில் கை வைத்தபடியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "மாமா, இன்னும் ஒரு தடவை கேக்கறீங்களா?" என்றாள்.

கட்டை என் கோட்டுப் பையில்தான் இருந்தது. பள்ளிச் சுவருக்குப் பின்னால் போய்க் குனிந்து கேட்டேன், அதே டுப், டுப். குனிந்த நான் பிடிமானத்துக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது ஐவிந்த், என் காதில் அடிப்பதும் என் விரலடியில் அடிப்பதும் ஒன்றாகவே அடித்தன. பிள்ளையின் இதயம் தாயுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக ஓடும் என்று இவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். காலையிலிருந்து நான் கேட்டது இவளுடைய நாடித் துடிப்பை. வேறு என்ஜினைக் கேட்டுவிட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டோம். எடுத்தவள் சோல்ஃபிரித் என்ற மருத்துவச்சி. ஊர்வலம் முடிந்ததும் வரலாமா, எல்லாருடைய நாளையும் கெடுக்க வேண்டாமே என்று இங்வில்ட் தயங்கினாள். "ஊர்வலம் அடுத்த வருஷமும் வரும். நீ இப்பவே கிளம்பு" என்றாள் அந்தப் பெண். நான் கோஷ்டிக்குள் புகுந்து ஒட்லைஃபின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏண்டா அர்ன்ஃபின், நேரம் தப்பிப் படகைக் கூப்பிடறவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினது நீதானே?" என்றான். "அதே வாய்தாண்டா கேக்குது, பிள்ளை அசையல, படகை எடு" என்றேன். அவ்வளவுதான், ஓட்டமாக ஓடினான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. குழலைச் சுக்கானுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் படகை ஓட்டினான். மேளக்காரன் என்ஜின் அறைக்குப் போனான். கரையில் பிள்ளைகள் இதுவும் விழாவில் சேர்த்தி என்று நினைத்துக் கொடியசைத்தார்கள், இங்வில்டும் அழுதுகொண்டே அசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள், அசைவு தெரிந்தால் அமுக்க வேண்டும். பட்டைகளோடு இணைத்த பெட்டியிலிருந்து சத்தம் வந்தது பார், நம் பழைய ஒற்றை சிலிண்டர் படகை முடுக்கிவிட்ட மாதிரி. இது பிள்ளையேதான், நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டேன். "அப்பாடா, எவ்வளவு சீரா ஓடுது" என்று வாய்விட்டுச் சொன்னேன். சோல்ஃபிரித் காகிதத்தில் ஓடும் கோட்டைப் பார்த்தபடி, "அந்த சீர்தான் எனக்குப் பிடிக்கல தாத்தா. என்ஜின் ஒரே மாதிரி ஓடணும், பிள்ளையோட இதயம் ஏறி இறங்கி ஓடணும். தூங்கினாலும் கொஞ்ச நேரம் இப்படி இருக்கும், பாக்கலாம்" என்றாள். இங்வில்டை இடதுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள். கோடு தட்டையாகவே போனது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே, நான் கடிகாரத்தைப் பார்க்கவே அஞ்சினேன். பிறகு கோடு ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறியது. இங்வில்ட் பொத்தானை அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள், "உதைக்குது, உதைக்குது" என்று கத்தினாள். ஐவிந்த், நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

ஸ்கேனும் பார்த்தார்கள், குறை ஒன்றுமில்லை. பயம் விட்டதும் என் வாய் திறந்துகொண்டது. உள்ளே விக்கல் வருமா, வெளிச்சம் தெரியுமா, குழல் சத்தம் நிஜமாகவே கேட்குமா என்று துளைத்தெடுத்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் சோல்ஃபிரித் ஆமாம் என்றாள். குன்வோர் சொன்ன இடப்பஞ்சத்தையும் கேட்டேன். "உதைக்கிற விதம் கொஞ்சம் மாறலாம், குறையக் கூடாது. குறைஞ்சா அதுதான் பிள்ளை நமக்குச் சொல்ற சேதி. ஜூஸ் குடிச்சுப் பாக்கறது, கட்டை வெச்சுக் கேக்கறது ஒண்ணும் வேணாம், அப்பவே வாங்க. நூறு தடவை வந்தாலும் நாங்க முகம் சுளிக்க மாட்டோம்" என்றாள்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. எப்போது முதலில் கவனித்தாய் என்று சோல்ஃபிரித் கேட்டபோது நான் மூலையில்தான் இருந்தேன். முதல் நாள் சாயங்காலமே, ஃபோனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன், தூங்குதோ என்னமோ, விழா முடியட்டும் பார்க்கலாம் என்றார் என்று இங்வில்ட் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் குத்தியது. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, நானும் கட்டையை வைத்து அதையேதான் சொன்னேன். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து நாம் இருவரும் அவள் வாயை அடைத்துவிட்டோம். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது, நம்மிடம் கேட்டதால்தான் நேரம் போனது.

ஊரில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, குன்வோர் கேக்கோடு வந்து அழுதாள். ஒட்லைஃப் மட்டும் பிள்ளைக்கு ஊர்வலத்தைக் கலைத்தவர் என்று பட்டம் கட்டியிருக்கிறான். போன வியாழக்கிழமை மறுபடி அமைதியாக இருந்தது. இந்த முறை இங்வில்ட் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பலாம் மாமா" என்றாள். போனோம், கோடு நன்றாக ஏறி இறங்கியது, திரும்பி வந்தோம். கட்டையை அடுப்பில் போட மனம் வரவில்லை, பரண் மேல் போட்டுவிட்டேன்.

வேலையில் கவனம், ஈரக் கையோடு இரும்பைத் தொடாதே. கடலும் காற்றும் உன்னிடம் நல்லபடி நடந்துகொள்ளட்டும், பிறக்கப்போகிறவர் உன் மடியில் சீக்கிரம் தூங்கட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. இனி அவள் ஃபோனில் பிள்ளை அமைதியாக இருக்கிறது என்றால், லைன் எவ்வளவு கரகரத்தாலும் நீ சொல்ல ஒரே ஒரு சொல்தான் உண்டு: கிளம்பு.

உன் அப்பா,
அர்ன்ஃபின்