திரையில் தெரியாத விமானம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

தவறு செய்தது உன் பயிற்சியாளர்; தண்டனை உன் மகளுக்கு. இது அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமை என் விமானமும் அவள் ஓட்டிய உன் பயிற்சிப் பள்ளி விமானமும் மோதாமல் தப்பியது அவளால். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர், மற்ற விமானங்களைக் காட்டும் திரையை விட்டுத் தலை நிமிராமல், "யாரும் இல்லம்மா, இறங்கு" என்றிருக்கிறார். இவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். நகராமல் நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டு வந்தேனாம்; மோத வரும் விமானம் அப்படித்தான் தெரியும். கேட்காமலே வலப்பக்கம் ஒடித்துத் திருப்பிவிட்டாள். "சொல்லாமல் திருப்பினாள்" என்று அவர் புகார் கொடுக்க, பள்ளி முதலாளியான நீ அவள் பயிற்சியையே நிறுத்திவிட்டாய். மகளென்று பார்க்காத நேர்மையாளன் என்று நாலு பேர் மெச்ச வேண்டுமா?

நேற்று என் விமானக் கொட்டகைக்கு வந்து அழுதாள். "பெரியப்பா, நான் பார்த்தது தப்பா?" என்ன சொல்ல?

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. விசாரிக்கத்தான் ஆளில்லை.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு வணக்கம்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள், வீம்புக்கு நடக்காதீர்கள்.

திரையில் யாரும் இல்லை என்று காட்டியது உங்களால். நாம் இருக்குமிடத்தை மற்ற விமானங்களுக்குக் காட்டும் கருவியைப் பொருத்துங்கள் என்று எத்தனை வருடமாகக் கெஞ்சுகிறேன்? "விமானத்தையே என் கையால கட்டினவன்டா நான், எனக்கெதுக்கு அந்த டப்பா?" என்றீர்கள். வானம் என்ன, உங்கள் வீட்டுக் கொல்லையா?

மாணவர்கள் ஆளாளுக்குத் திருப்பினால் நான் பள்ளி நடத்த முடியாது.

ஒன்று கேட்கிறேன். அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்களா?

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

பார்க்கவில்லை.

என் விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே; ஏறும்போது மேலே வருவதை அது மறைத்துவிடும். அவள் இடப்பக்கம் மேலிருந்து இறங்கியிருக்கிறாள். "பெரியப்பா, உங்களுக்குப் பின்னாடி போறேன்" என்று ரேடியோவில் அவள் குரல் கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். நீ இப்படிக் கேட்பாய் என்று தெரிந்துதான் முதல் கடிதத்தில் அதை எழுதவில்லை.

டப்பா வாங்கியாயிற்று. உனக்காக அல்ல, அவளுக்காக. உன் வாதத்தில் பாதி இன்னும் தவறுதான்: திரை பார்க்கத் தவறியதை அவள் கண் பார்த்தது. அதற்குப் போய்த் தண்டனையா?

இனி ஆக வேண்டியவை.

நான்: டப்பாவைப் பொருத்தும்வரை பறக்கக் கூடாது. பொருத்திய பிறகும், ஏறும்போது அடிக்கடி இறக்கையைச் சாய்த்து அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

உன் பயிற்சியாளர்: தொடக்கப் பாடங்களில் திரையைத் துணிபோட்டு மூடிவிட்டு, மாணவரோடு சேர்ந்து வெளியே பார்க்க வேண்டும். கொடுத்த புகாரை அவள் எதிரிலேயே திரும்பப் பெற வேண்டும்.

நீ: திங்கட்கிழமை அவளை மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டும், முதலாளியாக. அன்று மாலை அவளை உட்காரவைத்து, அன்றைக்கு என்ன பார்த்தாள் என்று கேட்க வேண்டும், அப்பாவாக. இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையாமே.

அவள்: ஒன்றும் செய்ய வேண்டாம். செய்துவிட்டாள்.

அண்ணன்