நோட்டீஸ் போர்டில் குத்திய கடிதம்

மே 10, 1997, சனி

கிளென்ஃபீல்டுக்குப் போய் செல்வராஜைப் பார்த்துவிட்டு வந்தோம். குடிநுழைவு ஆலோசகராம். கராஜுக்குள் ஒரு மேசை, ஒரு ஹீட்டர், சுவரில் லட்சுமி. என் வாழ்க்கையை விரல்விட்டு எண்ணினார். படிப்புக்கு இத்தனை புள்ளி, வேலைக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள்.

ஊரில், ஈப்போ கையுறைத் தொழிற்சாலை லேபில் நான் பத்து வருடம் வேலை செய்ததற்கு ஒரு கடிதம் வேண்டும். அது இருந்தால் இந்த நாட்டில் நிரந்தரவாசத்துக்குப் புள்ளி சரியாக நிற்கும். இல்லாவிட்டால் நிற்காது. அதுவும் செப்டம்பர் 19-க்குள். அன்று எனக்கு நாற்பது, வயதுப் புள்ளியில் இரண்டு போய்விடும். முப்பத்தொன்பதில் இருந்த மூளை ஒரே ராத்திரியில் ஆவியாகிவிடும் போல. டிசம்பரில் வேலை பெர்மிட்டும் முடிகிறது.

தொழிற்சாலையை எப்போதோ மூடிவிட்டார்கள். கையெழுத்துப் போட மிச்சம் இருப்பது ஒரே ஆள். மேனேஜர் மகேசன்.

அந்த ஆளிடமா?

மே 11

குணசீலன் காலையிலிருந்து வாய்க்குள்ளேயே சிரிக்கிறார். "எடுத்தேன் கவிழ்த்தேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தியே, இப்ப போய்க் கேளு." புருஷன் என்றால் இதற்காவது உதவுவார்.

93-இல் நான் ராஜினாமா செய்தபோது மகேசனுக்கு எழுதியது இரண்டு பக்கம். ரப்பர் கலவையின் அளவை முடிவு செய்தது நான். கையுறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கும் சோதனையை அமைத்தது நான். வெளிநாட்டிலிருந்து வந்த ஆடிட்டர்களுக்குப் பதில் சொன்னது நான். பத்து வருடம் எல்லா ரிப்போர்ட்டும் எழுதியது நான், கீழே பெயர் உங்களுடையது. "நீங்கள் ஒரு நாற்காலி, கையெழுத்துப் போடத் தெரிந்த நாற்காலி." கடைசியில், "நான் போனால் ஆறே மாதத்தில் இந்தத் தொழிற்சாலை மூடும்."

ஒரு பிரதியை அவர் மேசையில் வைத்தேன். இன்னொன்றை கேன்டீன் நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு வந்தேன். எல்லோரும் படித்தார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

மே 14

கேட்க மாட்டேன்.

மே 24

செல்வராஜ் போன். "கம்பெனிதான் மூடியாச்சே சிஸ்டர், லெட்டர்ஹெட் நான் அடிச்சுத் தர்றேன்லா. யாரு பார்க்கப் போறா?"

பத்து வருடம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தேடிச் சம்பளம் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது? போனை வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

தனுஷாவைப் பள்ளிக்கூட நெட்பால் டீமில் சேர்த்திருக்கிறார்கள். சட்டையை இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். பிறகு மெதுவாக, "ஆர் வி கோயிங் பேக், மம்?" என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு மகேசன் கதை முழுக்கத் தெரியும், அப்பா சொல்லியிருப்பார். "ஜஸ்ட் ஸே ஸாரி." பதின்மூன்று வயதில் எல்லாம் சுலபம்.

சட்டையைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள். உட்கார்ந்து அந்த ஆளுக்கு நாலு வரி எழுதினேன். என்ன வேண்டும், எதற்கு, எந்தத் தேதிக்குள், வேலை இடத்து ஃபேக்ஸ் எண். ஸாரி எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? பொய்யா சொன்னேன்?

ஜூலை 20

பதில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலிக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3

இன்னும் இல்லை. திரும்பிப் போவதானால் மூன்று பெட்டி கட்டினாலே போதும், நாங்கள் இங்கே சேர்த்தது அவ்வளவுதான். குணசீலன் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

இப்போது வேலை செய்யும் ஹென்டர்சன் பெயின்ட் லேபில் வைத்து, ஷனில் என்கிற சூப்பர்வைசர் மூன்று தாள் ஃபேக்ஸ் கொண்டுவந்து கொடுத்தான். முழுக்கப் படித்திருக்கிறான், முகத்திலேயே தெரிந்தது. "எனக்கும் இப்படி ஒண்ணு எழுதி வச்சிருக்கியா?" என்று அவன் இங்கிலீஷில் கேட்டான்.

என் ராஜினாமாக் கடிதம். நோட்டீஸ் போர்டில் குத்தியதேதான், நாலு மூலையிலும் ஊசி போன இடம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அந்த ஆளே கழற்றி எடுத்து நாலு வருடம் வைத்திருக்கிறார். நான் செய்த ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் டிக், ரிப்போர்ட் பார்க்கும்போது போடுவாரே, அதே டிக். மூன்றாவது தாள் சத்தியப் பிரமாணம், முத்திரையோடு. "இவர் பத்து வருடம் என்னிடம் வேலை செய்தார். செய்த வேலைகள் இக்கடிதத்தில் உள்ளபடி உண்மை. ஒரு திருத்தம்: தொழிற்சாலை மூடியது ஆறு மாதத்தில் அல்ல, பதினான்கு மாதத்தில்."

ஷனில் பக்கத்தில் நிற்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், நாற்காலி வரிக்கும் டிக் போட்டிருந்தார்.

டாய்லெட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 12

மூன்று தாளின் அசலும் பதிவுத் தபாலில் வந்தது. விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தாயிற்று. "இதையா அத்தாட்சின்னு குடுக்கிறீங்க?" என்று செல்வராஜ் இழுத்தார். இதைத்தான் என்றேன்.

செப்டம்பர் 19

நாற்பது. மூளை இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும். தனுஷா வீட்டுக்குள் பந்தைப் போட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்தாள், யாரும் திட்டவில்லை.

மகேசன் சாருக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். இந்த முறை அவ்வளவு தேவைப்படவில்லை. விசா வந்த செய்தி, நன்றி, பதினான்கு மாதம்தான் சரி. பிறகு, அந்த நாற்காலி வரிக்குப் பக்கத்தில் போட்ட டிக்கைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அது தப்பு, என்று எழுதி உறையை ஒட்டினேன்.