உஷார் மக்களே

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். துணி காய்ந்துவிட்டது, மடிக்கத்தான் ஆள் இல்லை.

போனில் ஆர்டர் பண்ணின இன்னொரு பாசல். இவர் ஃபேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் பாசல்காரனுக்கு எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முட்டி வலியால் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு கேட்டில் நின்றே "மணியம் அங்கிள்!" என்று கூப்பிடுகிறான். இன்று வந்தது தேங்காய் துருவும் மெஷின். படத்தில் பெரிசு. வந்ததை வைத்துப் பொம்மைக்குத்தான் சமைக்கலாம்.

"ஒரு ஸ்டார்தான் போடுவேன். ஏமாத்துக்காரப் பசங்க."

"அளவு எழுதியிருந்தாங்களா?"

"எழுதியிருந்தாங்க."

"படிச்சீங்களா?"

"படத்தப் பாத்தேன் லா!"

மூன்று ஸ்டாருக்குச் சம்மதிக்க வைத்தேன். விற்கிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

மகள் கவிதா கோலாலம்பூரிலிருந்து போன் வாங்கி வந்து கொடுத்தாலும் கொடுத்தாள், மனுஷர் அதோடுதான் குடும்பம் நடத்துகிறார். டைப் பண்ண வராது. வாயால் சொல்வார், போன் எழுதிக்கொள்ளும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த குரல், நாலு நிரை தள்ளி நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. எல்லாச் செய்திக்கும் கடைசியில் ஒரே முத்திரை: "உஷார் மக்களே." வாழைப்பழம் பற்றிய செய்தியானாலும் சரி.

வாங்க: வெங்காயம், மீன் மசாலா, அவர் முட்டிக்குத் தைலம்.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் நல்ல மழை. கிளினிக்கில் ஆளே இல்லை. டாக்டர் சீக்கிரம் போகச் சொன்னார்.

வரும் வழியில் ரஹ்மத் அக்கா மில்லு. புந்தோங்கில் எங்கள் பக்கம் மசாலா அரைக்கிற மில்லு அது ஒன்றுதான். அவர் வீட்டுக்காரர் பாய் தவறிப்போன பிறகு அக்காவே நடத்துகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே நிற்க இடம் இருக்காது. இன்று மெஷின் சத்தமே இல்லை. அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, கரண்டு இல்லையா?"

"கரண்டு இருக்கு தேவி. ஆளுதான் இல்ல."

போனை நீட்டினார். ஒரு வீடியோ. எந்த ஊரோ, பேசுவது என்ன பாஷையோ. ஒருத்தன் மிளகாய்த்தூளில் செங்கல் பொடியைக் கொட்டிக் கலக்குகிறான். கீழே தமிழில்: நம்ம புந்தோங் மில்லுலயும் இப்படித்தானாம். மிளகாய் தோல் வாங்கும்போது பாத்து வாங்குங்க. உஷார் மக்களே.

எங்கள் வீட்டுக்காரர் முத்திரை.

தூள் என்று சொன்னால் இவர் போன் தோல் என்றுதான் எழுதும். அந்தத் தப்பைக்கூட யாரும் திருத்தவில்லை. அப்படியே கை மாறிக் கை மாறிப் பாகான் செராயில் இருக்கிற அக்காவின் தங்கச்சி வரைக்கும் போய், அங்கிருந்து அக்காவுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"கோயில்லேருந்து போன் போட்டாங்க. ஆடி மாச அன்னதானத்துக்கு எப்பவும் நம்ம தூள்தானே? இந்த வருஷம் வேணாமாம். லகாட் ரோட்டுச் சாப்பாட்டுக்கடைக்காரரும் நிறுத்திட்டாரு, போன்ல பாக்கெட்டு ஆர்டர் பண்ணிக்கிறாராம். யாரு எழுதினான்னு மட்டும் தெரிஞ்சா போதும் தேவி. சண்டைக்கு இல்ல. ஏன்னு கேக்கணும்."

எனக்கு அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். மீன் மசாலா வாங்கினேன். தேவைக்கு மேலேயே.

இவர் பாத்ரூமில் ஏதோ கொக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நம்ம மெசேஜ்! சுத்திச் சுத்தி உனக்கே வந்திருச்சா!"

சொன்னேன். மில்லு, கோயில், லகாட் கடை. சொல்லச் சொல்லச் சிரிப்பு இறங்கியது. முதலில், "நான் ஃபார்வர்டுதானே பண்ணேன்" என்றார். பிறகு, "நான் அக்கா பேரைச் சொல்லலையே" என்றார். பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சும்மா அனுப்பினா எவனும் பாக்க மாட்டேங்கிறான் தேவி. நம்ம ஊரு பேரு போட்டா பாப்பாங்கன்னு..."

திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. மூன்றாவது கொக்கியும் கீழே விழுந்தது.

ஜூலை 12, சனி

வெயிலும் இல்லை மழையும் இல்லை. புழுக்கம்.

அழிக்கப் பார்த்தார். அந்த நேரமெல்லாம் தாண்டிப்போச்சு, அவர் போனில் மட்டும் அழிகிறது. பசியாறாமல் ஒவ்வொரு குரூப்பாகத் திருத்தம் போட்டார். தோட்டத்து ஆட்கள் குரூப்பு, பழைய பஸ் டிரைவர்கள், கோயில், எங்கள் குடியிருப்புத் தாமான் குரூப்பு. சத்தமாக இல்லை. ஜோசியக்காரனிடம் பேசுகிற மாதிரி மெதுவாக.

எவனும் கண்டுகொள்ளவில்லை. ஒருத்தர் கட்டைவிரல். ஒருத்தர் பதிலுக்குக் காலை வணக்கம், ரோஜாப்பூவோடு. செங்கல் வீடியோ மட்டும் தாமான் குரூப்பில் புதிதாக ஒரு தடவை வந்தது. யாரோ ஒரு டீச்சர் அனுப்பியது.

"பொய்க்கு லைசன்ஸே வேணாம் போல. நெசத்துக்குத்தான் எவனும் வழி விட மாட்டேங்கிறான்" என்றார். பஸ் ஓட்டின ஆள்.

சோறு பாதியில் எழுந்துவிட்டார். மிச்சம், வாசலுக்கு வருகிற சாம்பல் பூனைக்கு விருந்து.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகிற சட்டை. "அக்காவைப் பாத்து நேர்ல சொல்லிட்டு வாரேன். நீயும் வா" என்றார். போனோம்.

அக்கா மிளகாய் சலித்துக்கொண்டிருந்தார். இவர் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்த மெசேஜ எழுதினது நான்தான்."

சல்லடை நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எம் மில்லுல என்னத்தப் பாத்தீங்கண்ணே?"

"ஒண்ணும் பாக்கலக்கா."

"பாய் இருந்த காலத்துலேருந்து நம்ம வீட்டுக்கு வர்றவரு நீங்க. உங்க மக கல்யாணத்துக்கு நாந்தான் அரைச்சுக் குடுத்தேன்."

"ஆமாக்கா."

"அப்ப ஏண்ணே?"

என்னிடம் சொன்னதையே சொன்னார். ஊர் பேரைப் போட்டால் படிப்பார்கள் என்று. அந்த இடத்தில் அது எவ்வளவு சின்னதாகக் கேட்டது. அக்கா கண்ணைத் துடைத்தார். மிளகாய்க் கையோடு துடைத்ததில் இன்னும் எரிச்சல். நான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன்.

கழுவிவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்னாவும்? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

"சொன்னேன்கா. எவனும் படிக்கல."

அப்போது எனக்குத் தோன்றியது. எழுத்து வேண்டாம், இங்கேயே மூஞ்சியைக் காட்டி வீடியோவில் பேசட்டும் என்றேன். அக்கா எழுந்து மெஷினைப் போட்டார். "மில்லு ஓடுறதும் தெரியட்டும்."

நான் போனைப் பிடித்தேன். இவர் மெஷின் பக்கத்தில் விறைப்பாக, பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி.

"வணக்கம். நான் மணியம். அந்த மிளகாய் மெசேஜ் எழுதினது நான். வீடியோ வேற எங்கேயோ எடுத்தது. நம்ம ஊர் பேரைச் சேத்தது நான்தான். நான் எதையும் கண்ணால பாக்கல. இந்த மில்லுல ஒரு தப்பும்..."

தும்மல். அடுத்து ஒன்று. நிற்கவே இல்லை. மிளகாய் நெடி. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். நடுநடுவே "இல்ல", தும்மல், "ஒரு தப்பும்", தும்மல், "சுத்தமான", பெரிய தும்மல், கண்ணாடி கழன்று மிளகாய்ச் சாக்குக்குள் விழுந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து போன் ஆடியது.

"வேற எடுக்கலாம்" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"வேணாம்ணே" என்றார் அக்கா. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான். "கலப்படத் தூளுக்கு இப்படித் தும்மல் வராது. இதையே அனுப்புங்க."

ஜூலை 15, செவ்வாய்

கிளினிக்குக்கு வந்த நோயாளி ஒருவர் மருந்து வாங்கும்போது என்னிடமே அந்த வீடியோவைக் காட்டினார். "பாருங்க அக்கா, இந்த அங்கிள." என் புருஷன்தான் என்று சொல்லவில்லை. பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கவிதா போன் பண்ணினாள். ஆபீஸில் யாரோ காட்டினார்களாம். "அப்பாவுக்கு வெக்கமா இருக்காம்மா?" இருக்கிறது. மீன் வாங்கக்கூடப் போகவில்லை. பாசார் முழுக்க ஆட்கள் தும்மிக் காட்டுகிறார்களாம்.

"அப்பா பேரைச் சொல்லி ஒத்துக்கிட்டாரே, அதுவே பெரிசு லா" என்றாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள். இவர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கமும் திருப்பவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலில் கூட்டம். சாம்பார் நன்றாக இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த கமிட்டிக்காரரிடம் கேட்டேன். "ரஹ்மத் அக்கா தூள்தான். நேத்துப் போய் எடுத்துட்டு வந்தோம். கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம்" என்றார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

இவர் வரவில்லை. முட்டி வலி என்றார். அவருக்குப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஜூலை 19, சனி

மேகம். அவரை இழுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மெஷின் சத்தம் முனையிலேயே கேட்டது. வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவருக்குக் காதெல்லாம் சிவப்பு.

பழையபடி முழுக்க ஆகவில்லை. லகாட் கடைக்காரர் வரவில்லையாம், பாக்கெட்டே வசதியாக இருக்கிறதாம். இவர் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போய் அவரப் பாக்கட்டுமாக்கா?"

"பாருங்க. வந்தா வரட்டும்." அக்கா பையைக் கட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க வந்து சொல்லலன்னு வைங்கண்ணே, எனக்கு யாருன்னே தெரிஞ்சிருக்காது. கடைக்கு வர்ற ஒவ்வொரு மூஞ்சியையும் பாத்து இவரா இருக்குமோ, இவளா இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டேதான் எடை போட்டிருப்பேன். இப்ப அது இல்ல. எல்லாரையும் நிமிந்து பாக்கறேன்."

இவர் பையை வாங்கி மோட்டர் சைக்கிள் கூடையில் வைத்தார். நான் பின்னால் ஏறினேன். எப்போதும் கம்பியைத்தான் பிடிப்பேன். இன்று அவர் தோளை.